கைத்தாங்கல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் முதியோருக்கான வாழ்விடம்

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே எடுத்து உண்பது. இந்த ஆறையும் வைத்து ஒரு முதியவர் எந்த அளவுக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்று மதிப்பிடும் முறையை அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வெளியிட்டார். இவற்றில் ஒன்றிரண்டுக்கு மட்டும் ஆள் ஒத்தாசை வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது ‘அசிஸ்டட் லிவிங்’ எனும் உதவி வாழ்விடம். உள்ளே தாழிட்டுக்கொள்ளத் தனி அறை, வேளைக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, நடுராத்திரியில் மணி அடித்தால் ஓடிவர ஓர் ஆள். இது மருத்துவமனையும் அல்ல, ஆதரவற்றோர் விடுதியும் அல்ல.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்த ஏற்பாட்டின் தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் பின்னால் வந்த ஆலைகளும் ஒரு தலைமுறைக்கு உள்ளூரிலேயே பிழைப்பைத் தந்தன. அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6.

பிள்ளைகள் கட்டிக்கொடுத்த மாடி வீடானாலும் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களின் பழைய வீடானாலும் முதியவருக்கு முதல் பகை தரைதான். உயர்ந்த வாசற்படி, பின்கட்டில் கழிப்பறை, வழுக்கும் தளம். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. கைப்பிடிக் கம்பியும் சொரசொரப்பான தரையும் இரவு விளக்கும் பெரிய செலவில்லை. ஆனால் வீடு கட்டும்போது அவை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அடுத்தது மருந்து. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தவர், போட்டதை மறந்து மறுபடி போட்டவர் என்று மயங்கிக் கிடந்தவர்களின் கதை எந்தத் தெருவிலும் உண்டு. உதவி வாழ்விடத்தின் உண்மையான பலன் இப்படிப்பட்ட சின்ன விபத்துகள் நடக்காமல் போவதில் இருக்கிறது. விளம்பரப் படங்களின் புல்வெளியில் இல்லை.

குடும்பத்துக்கு வரும் பலனில் முதலாவது, பேசப்படாத ஒன்று. ஊரில் முதியவரைத் தூக்கி நிறுத்துகிறவர் பெரும்பாலும் மனைவி. அவருக்கும் எழுபது வயது, முழங்கால் வலி. அந்தப் பாரத்தைச் சம்பளத்துக்கு வருகிற பயிற்சி பெற்றவர் ஏற்றுக்கொண்டால் மனைவி மறுபடி மனைவியாக இருக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளையின் தொலைபேசியும் மாத்திரை விசாரணையாக இல்லாமல் பேச்சாக மாறும்.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கசப்பான நினைவு ஒன்றும் உண்டு. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல் இங்கு நடப்பது 2010இல் நாடறியச் செய்தியானது; தேசிய விருது பெற்ற ‘பாரம்’ படம் இதைப் பற்றியதே. அது கொலை. வறுமையை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்வது பாதி விளக்கம். மாதக்கணக்கில் துடைத்துத் திருப்பிப் படுக்கவைக்க மாற்று ஆளில்லாத களைப்பும் அதில் இருக்கிறது.

வசதியான முதியோர் குடியிருப்புகள் கோவையைச் சுற்றி அதிகம் பெருகின. ஆண்டாள் தேரையும் தெரு உறவுகளையும் விட்டு ஒருவரைக் கோவைக்கு மாற்றினால் உடம்புக்குக் கவனிப்பு கிடைக்கும், பேச்சுத் துணை போய்விடும். சுமார் 12 கி.மீ. இடைவெளியில் உள்ள இந்த இரட்டை ஊர்களுக்கு நடுவே ஒரு வாழ்விடம் அமைந்தால் பழகிய மருத்துவரும் சம்பந்தி வீடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

பணம்தான் இடறும் இடம். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்; 2023இல் உயர்த்தப்பட்ட அரசு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். வழக்கமான மருத்துவக் காப்பீடு தங்கும் செலவை ஏற்பதில்லை. ஆகவே இது இப்போதைக்குப் பிள்ளைகள் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கே எட்டும். மற்றவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் கொண்டுவருகிறது. குளிப்பாட்ட ஆள் மட்டும் அதில் வருவதில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்தக் கவனிப்பு இல்லாதபோது ரத்துசெய்யக் கோர அதன் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு வாழ்விடத்துக்குப் போகும் முன் இதை அறிந்திருப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முன்பணம் திரும்புமா, எத்தனை நாளில்? மறதி நோய் முற்றினாலோ படுத்த படுக்கையானாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, அழைத்துப்போகச் சொல்வார்களா? இரவில் மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் வண்டி யாருடையது, பிள்ளை டல்லாஸில் இருக்கும்போது அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திடப்போகும் உள்ளூர் உறவினர் யார் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும்.