வாப்பா, உம்மா, களப்புப் பறவைகள்



முதியோர் நலம் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மாத்திரை, இரத்தப் பரிசோதனை என்று தொடங்கினால் உங்கள் நினைவு பகல் சாப்பாட்டுக்குப் போய்விடும். ஆகவே, சென்ற பெப்ரவரியில் வாப்பாவையும் உம்மாவையும் பறவை பார்க்கக் கூட்டிப்போன ஒரு நாளைச் சொல்கிறேன்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் பொருத்தமான ஊர்சுற்றல் இது. நடக்கிறவரைக் கண்டால் பறவை பறந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் கிட்ட வரும். டிசம்பர் விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுச் சகோதரிகளே, அப்போது நம் பக்கம் மாரி மழை. ஒக்டோபர் முதல் வந்து சேரும் குளிர்நாட்டுப் பறவைகள் மார்ச் வரை இங்கேதான் நிற்கும். முடிந்தால் பெப்ரவரியில் வாருங்கள்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று கரையோரமாகப் போனால் பொத்துவில் சுமார் 70 கிலோமீற்றர். களப்போரத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நின்றன. சேற்றில் உள்ளான்கள் ஓடித் திரிந்தன. வாப்பா வயலும் செய்த ஆசிரியர். ஆட்காட்டியைக் கண்டதும், காவற்பரணில் படுத்திருக்கும்போது யானை வருவதை முதலில் சொல்வது அதுதான் என்றார். அதன் கூச்சல் அவருக்கு நன்றாகக் கேட்டது. உள்ளான்களின் மெல்லிய கீச்சொலி கேட்கவேயில்லை. வயது போகும்போது உச்சத் தொனிகள்தாம் முதலில் செவியை விட்டுப் போகும். பேரப்பிள்ளைகள் கதைத்தால் மட்டும் விளங்காத மாதிரி நடிக்கிறார் என்று உம்மா சொல்லிவந்த குறைக்கு அங்கேதான் விடை கிடைத்தது. அடுத்த வாரமே காதைப் பரிசோதித்தோம்.

உம்மாவின் கதை வேறு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. அன்று நம் கரையில் நடந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் சாச்சியும் அன்று போனவர். களப்புக்குத்தான் போகிறோம் என்ற பேச்சில்தான் உம்மா வாகனத்தில் ஏறினார். ஆலா ஒன்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கடற்பக்கம் போனது. பைனாகுலரோடு உம்மாவும் திரும்பினார். அது செங்குத்தாக விழுந்து மீனோடு எழும்பியது.

“உன்ட சாச்சி குளத்துல இப்பிடித்தான் புள்ள குதிப்பா.”

20 வருடங்களாக எங்கள் வீட்டில் துஆவில் மட்டும் வந்த பெயர். அன்று அரை மணித்தியாலம் உம்மா சாச்சியைப் பற்றியே பேசினார், பைனாகுலரை இறக்காமலே. வாப்பாவும் நானும் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பறவை பார்க்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறோம். முகம் பாராமல் கதைக்கலாம். வைத்தியரின் மேசைக்கு முன்னால் இது நடப்பதில்லை.

இனிக் கொஞ்சம் டொக்டர் பேச்சு. சலம் போகும் மாத்திரை குடிப்பவர்கள் பயணம் வேண்டாம் என்றால் கால்வலிதான் காரணம் என்று நினைக்காதீர்கள். வழியில் மலசலகூடம் கிடைக்காதே என்ற வெட்கமாகவும் இருக்கும். அன்று அதை எத்தனை மணிக்குக் குடிப்பது என்று அவர்களுடைய வைத்தியரிடம் முதலே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுபவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது. சீனி வருத்தக்காரரை மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள். கைப்பிடியுள்ள கதிரை கொண்டுபோங்கள். பிடி இல்லாவிட்டால் உட்கார்ந்தவர் எழும்புவது பெரும்பாடு.

இப்போது வாப்பாவுக்குக் குமண ஆசை. 1938இல் பறவைகள் சரணாலயமான இடம். யுத்த காலத்தில் நீண்ட நாள் மூடிக் கிடந்தது. வாலிபத்தில் பார்த்ததோடு சரி. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அங்கே கூடு கட்டும் காலம். ஒகந்தைக்கு அப்பால் மண் பாதை, ஜீப் குலுக்கும். என்ட முழங்கால் தாங்காது, நீங்க போங்க என்கிறார் உம்மா. முன் சீற்றில் தலையணை போட்டால் போதும் என்கிறார் வாப்பா. இன்னும் முடிவாகவில்லை.