நியூட்ரலும் நிலமும்

கோடை பிறந்ததும் தில்லியிலும் நாகபுரியிலும் ஜன்னல்தோறும் கூலர் வந்து அமர்ந்துவிடுகிறது. தகரப் பெட்டி, அதனுள் தண்ணீர், தண்ணீரில் மின்சார பம்பு. ஊரில் நாம் அதிகம் பழகாத சாதனம். ஈரக் கையுடன் அதைத் தொட்டு உயிரிழந்தோரைப் பற்றிக் கோடைதோறும் பத்திரிகையில் படிக்கிறோம்; "எர்த் சரியில்லை போலும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மின்சாரத்துக்கும் மண்ணுக்கும் என்ன உறவு என்பதைச் சற்றுக் காண்போம்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்ற அளவுக்குக் குறைக்கிறது. அதிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும், அவற்றுக்குப் பொதுவாக ஒரு நியூட்ரல் கம்பியும் புறப்படுகின்றன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கிடையே ஏறத்தாழ 400. இந்த நியூட்ரலை டிரான்ஸ்பார்மரின் அடியிலேயே மண்ணோடு இணைத்துவிடுகின்றனர். தனித்தனியே இரண்டு இணைப்புகள் வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுத்தன.

மின்சாரம் மண் வழியே திரும்புவதற்காகவே இந்த ஏற்பாடு என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று, திரும்பும் வழி நியூட்ரல் கம்பியே. அப்படியானால் மண் எதற்கு? மண்ணோடு பிணைக்காவிட்டால் ஒரு கம்பியைத் தொட்டாலும் சுற்று முடியாதே, அதிர்ச்சி இராதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சில அறுவைக் கூடங்களில், ஓயாத கண்காணிப்புடன், அம்முறையையே கையாளுகின்றனர். ஊர் முழுவதற்கும் அது ஒவ்வாது. எங்கோ ஓர் ஈரச் சுவரில் ஒரு பேஸ் மண்ணைத் தொட்டுவிடும். பியூஸ் போகாது, எவரும் அறியார். அக்கணமே மற்ற இரு பேஸ்களும் மண்ணுக்கு எதிரே 400 வோல்ட்டில் நிற்கும். டிரான்ஸ்பார்மருக்குள் காப்புப் பழுதுபட்டால் 11,000 வோல்ட்டின் வேகமே வீட்டுக் கம்பியில் ஏறக்கூடும். நியூட்ரலை மண்ணில் ஊன்றுவது இவற்றைத் தடுப்பதற்காகத்தான்.

இந்தக் காவலுக்கு விலையும் உண்டு. பேஸைத் தொட்டவரின் உடல் வழியே மின்சாரம் மண்ணில் இறங்கி டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வழி திறந்துவிடுகிறது. ஆகவேதான் கூலரின் தகரத்தை எர்த் கம்பியுடன் இணைக்கிறோம். இணைத்தால் போதுமா? வீட்டு எர்த்தின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 5 ஓம் என்று கொள்வோம். கோடையில் உலர்ந்த மண்ணில் தடை இன்னும் மிகும். பேஸ் தகரத்தைத் தொட்டால் ஓடுவது ஒன்பது ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் பியூஸ் அசையாது. தகரமோ 184 வோல்ட்டில் நிற்கும்!

எனவே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இன்றியமையாதது. போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். வாடகை வீடுகளில் எர்த் கம்பி இல்லாத குறையை மறைக்க, பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த்தை நியூட்ரலோடு முடிந்துவிடுவாரும் உண்டு. இது கொடிய வழக்கம். வரும் வழியில் நியூட்ரல் அறுந்தால், பழுதே இல்லாத கூலரின் தகரத்திலும் 230 வோல்ட் ஏறிவிடும்.

குடிபுகுமுன் இவ்விரண்டையும் மின் பணியாளரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வோம். கூலருக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஸ்விட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம்.