தடை ஆணையும் தனி மனிதர் உரிமையும்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருக்கு ஊர்ச் செய்தி என்பது உணவுக்கு அடுத்த தேவை. முன்னாளில் இரயிலில் வந்த வார இதழ்கள் அத்தேவையை நிறைவு செய்தன. இந்நாளில் கைப்பேசி செய்கிறது. வரும் செய்தியை வழியிலேயே மறிக்க அரசுக்கு எவ்வளவு உரிமை உண்டு? குடியரசின் தொடக்க நாளிலேயே இவ்வினாவை எழுப்பிய வழக்கொன்று பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே எழுந்தது.

ரொமேஷ் தாப்பர் என்பவர் பம்பாயில் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழை நடத்தி வந்தார். 1950 மார்ச்சு முதல் நாள், அவ்விதழ் தன் எல்லைக்குள் வருவதையும் பரவுவதையும் சென்னை அரசு தடை செய்தது. பொது ஒழுங்கைக் காக்க 1949இல் இயற்றிய சட்டமொன்றே அதற்கு ஆதாரம். தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

அவ்வாண்டு மே 26இல் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பதஞ்சலி சாஸ்திரி. கருத்துரிமை என்பதில் கருத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்றார் அவர். பேச்சுரிமைக்கு விலக்காக அரசியலமைப்பு அன்று கூறியிருந்தவற்றுள் ‘அரசின் பாதுகாப்பு’ இருந்தது. ‘பொது ஒழுங்கு’ இல்லை. பின்னது முன்னதினும் விரிந்த சொல். ஆகவே தடை வீழ்ந்தது. ஒரு நீதிபதி மட்டும் உடன்படவில்லை.

சொற்களோடு நாள்தோறும் மல்லாடும் மொழிபெயர்ப்புப் பணியாளராகிய நமக்கு இத்தீர்ப்பில் தனி ஈடுபாடு உண்டு. இரு சொற்றொடர்களின் பொருள் வேற்றுமையன்றோ ஓர் இதழை மீட்டது! ஆயின் 1951இல் முதல் திருத்தத்தின் வாயிலாகப் ‘பொது ஒழுங்கு’ அரசியலமைப்பினுள் புகுந்தது; உடன், தடைகள் ‘நியாயமானவை’யாக இருத்தல் வேண்டும் என்ற வரம்பும் புகுந்தது. அவ்வரம்பே இன்றளவும் குடிமக்களுக்குக் கேடயம்.

2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றி இணையத்தில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பிய மற்றொருத்தியும் மும்பைக்கு அருகே பால்கரில் கைதாயினர். பின்னர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சு 24இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென நீக்கியது. அதே தீர்ப்பில், இணையப் பக்கங்களை மறிக்க அதிகாரம் தரும் 69ஏ பிரிவு நிலைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும், எழுதியவரைக் கண்டறிய இயலுமாயின் அவரையும் கேட்க வேண்டும் என்பதும் அது நிலைத்ததற்குரிய காப்புகள்.

கலகத்தைத் தூண்டும் பொய்யுரை காட்டுத் தீயாய்ப் பரவுங்கால் அரசு கைகட்டி நிற்றல் இயலாது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மறிப்புக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் மறைவாக இருத்தல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. காணாத ஆணையை ஒருவர் எவ்வாறு எதிர்ப்பார்? காசுமீரத்தில் இணையத் தொடர்பு நிறுத்தப்பட்டது பற்றிய வழக்கில், இத்தகைய நிறுத்த ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதன் அருமை இங்கே விளங்கும்.

ஓர் ஆணையைத் தமிழாக்கும்போது நாம் முதலில் தேடுவது அதன் காரணத்தையே. காரணம் விளங்காத ஆணை எம்மொழியிலும் விளங்குவதில்லை. எனவே, நம்முடைய எழுத்தோ பக்கமோ மறிக்கப்படின், அஞ்சி ஒதுங்காமல் ஆணையின் படியையும் காரணத்தையும் எழுத்தில் கேட்போமாக. கிடையாவிடின், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை நாடும் வழி திறந்தே உள்ளது. பிற மாநிலத்தில் வாழ்வதால் அவ்வுரிமையில் அணுவளவும் குறைவதில்லை.