வீட்டிற்கு எத்தனை வெளிச்சம் வேண்டும்?

கடைக்குச் சென்று விளக்கு வாங்குவோர் இன்றும் “எத்தனை வாட்?” என்றே கேட்கின்றனர். குண்டு பல்பு எரிந்த காலத்தில் அக்கேள்வி பொருத்தமாயிருந்தது. எல்.இ.டி. விளக்கிற்கு அது போதாது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவு லூமென் எனப்படும். மாடு தின்னும் தீவனத்தைக் கொண்டு பாலை அளப்பார் உண்டோ?

60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் ஒளி தந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாய் வீணாயிற்று. இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்கோ 800 முதல் 900 லூமென் வரை தருகிறது. நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால், 30 நாளில் முன்னதற்கு 9 யூனிட்டும் பின்னதற்கு 1.35 யூனிட்டும் செலவாகும். 2015 ஜனவரி 5-இல் இந்திய அரசு ‘உஜாலா’ திட்டத்தைத் தொடங்கிய பின்னர், இவ்விளக்கு எளிய குடும்பங்களுக்கும் எட்டியது.

இனி நம் தருமபுரி மாவட்டத்து வீட்டிற்கு வருவோம். பென்னாகரம், அரூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகள் பலவற்றில் உயர்ந்த உத்திரத்தில் ஒற்றை விளக்குத் தொங்கும். அதன்கீழ்ப் பாயில் அமர்ந்து பிள்ளைகள் படிப்பர். அங்கே 9 வாட் விளக்குப் போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். தொடர்ந்து படிப்பதற்கு ஏறக்குறைய 300 லக்ஸ் நல்லது. பத்தடிக்குப் பத்தடி அறையின் பரப்பு 9.3 சதுர மீட்டர். 900 லூமெனும் தரையிலேயே விழுந்தாலும் 100 லக்ஸ்கூடத் தேறாது. புழங்குவதற்கு அது போதும். பரீட்சைக்குப் படிக்கப் போதாது.

அதற்காகப் பெரிய விளக்கு வாங்க வேண்டுவதில்லை. தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். எட்டடி உயரத்திலுள்ள 900 லூமென் விளக்கைவிட, இரண்டடி உயரத்திலுள்ள 400 லூமென் விளக்குப் புத்தகத்தின்மேல் ஏறக்குறைய ஏழு மடங்கு ஒளி தரும். அதற்கு 4 அல்லது 5 வாட் போதும். கண்ணில் நேராகப் படாதவாறு அதற்கு மூடி வேண்டும். வலக்கையால் எழுதுவோர் அதை இடப்பக்கம் வைத்தால் கைநிழல் எழுத்தின்மேல் விழாது. புகைபடிந்த சுவர் ஒளியை விழுங்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் அதைத் திருப்பித் தரும்.

தாழ்வாரத்திற்கும் குளியலறைக்கும் 400 லூமென் போதும். அரிவாள்மனையும் அடுப்பும் புழங்கும் சமையலறைக்கு 900 லூமென் வேண்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் லூமென் எண்ணைப் பாருங்கள். அதை வாட்டால் வகுத்தால் 100-ஐ ஒட்டி வருவது நல்ல விளக்கு.

இன்றிரவே ஓர் அளவுநாடாவை எடுத்து, உங்கள் விளக்கிற்கும் புத்தகத்திற்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கும் இக்கணக்கைச் சொல்லுங்கள்.