கட்டின வீடு ஏன் பூட்டிக் கிடக்குது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டவுனுக்குப் போகிற ரோட்டோரம் புதிதாகக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 'விற்பனைக்கு' என்ற போர்டே வெயிலில் வெளுத்துப்போச்சு, வீடு மட்டும் விற்கவில்லை. "வீடில்லாம நாம கஷ்டப்படறோம், இது ஏன் சும்மா கிடக்குது?" என்று குழுக்களில் கேட்டீங்க. இந்த மாதிரி வீடுகளைக் காட்டி முன்பணம் கேட்டு புரோக்கர்கள் ஊருக்குள் வருவதால், இதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டு நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இதில் விற்காத வீடும் உண்டு, வசதியானவர்கள் வாங்கிப் பூட்டிப்போட்டதும் உண்டு. அடுத்த வருடம், 2012-ல், மத்திய அரசின் வல்லுநர் குழு நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்கு 95-க்கு மேல் வருமானம் குறைந்த குடும்பங்களுடையது. அதாவது, வீடு தேவைப்படுவது ஒருத்தருக்கு, கட்டுவது வேறொருத்தருக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 22,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது 54 லட்சம் ஆகிவிடும். பத்திரச் செலவு தனி. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் இதை எங்கே கட்டும்?

"விற்கலைன்னா விலையைக் குறைக்கலாமே?" என்று தோணும். நம்ம குழு போட்ட ஊறுகாய் தேங்கினால் குறைத்து விற்றுவிடுவோம். வீடு கட்டுகிறவர் நிலத்தை அதிக விலைக்கு வாங்கியிருப்பார், வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். குறைத்தால் கடனை அடைக்க முடியாது. முன்னாடி வாங்கினவங்க "எங்களுக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்று சண்டைக்கு வருவாங்க. அதனால் போர்டில் விலை அப்படியே இருக்கும், பேச்சில் மட்டும் சலுகை வரும்.

இன்னொரு காரணம் இடம். நிலம் மலிவு என்று ஊருக்கு வெளியே கட்டுறாங்க. குடிதண்ணீர் வராது, பஸ் நிற்காது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தூரம். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்றால் யார் குடி வருவாங்க? சில வீடுகளுக்கு அனுமதியோ பத்திரமோ சரியில்லாததால் வங்கி கடன் தராது. அங்கேயும் விற்பனை நின்றுபோகும்.

ஆகவே சகோதரிகளே, விற்காத வீடு என்றாலே மலிவான வீடு என்று நினைக்க வேண்டாம். ஏன் விற்கலைன்னு முதலில் கேளுங்க. முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம் பற்றி அங்கே குடியிருக்கிற பெண்களிடமே விசாரியுங்கள்.

2. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

3. 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, 8 வீட்டுக்கு மேல் உள்ள புதிய திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தத் திட்டங்களில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

4. எது கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

குழுக்கடன் எடுத்து முன்பணம் கட்டிவிட்டு, வீடு கைக்கு வராவிட்டாலும் மாதத் தவணை நிற்காது. அந்தச் சுமை கடன் எடுத்த அக்காவோடு நிற்காது, குழுவில் உள்ள எல்லோர் மேலும் விழும். அதனால் யாராவது வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். ரெண்டு பேர் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பத்துப் பேர் கேட்கிற கேள்விக்குப் புரோக்கர் பதில் சொல்லித்தான் ஆகணும்.