கணினிச் சித்திரமும் நம் வீட்டுப் பொருள்களும்



மாணவர் கணினியில் தீட்டும் சித்திரங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். "பொத்தானை அமுக்கினால் இயந்திரமே வரைந்துவிடுமே, அதுவும் ஒரு கலையா?" என்று பெரியவர் ஒருவர் வாசலில் வைத்தே என்னைக் கேட்டார். அவருக்கு விடை கூறுவதே என் பேச்சு.

பத்திரங்களைப் பிரதி எடுக்கும் ஸ்கேனரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்ணாடியின் கீழ் ஒரு விளக்கு ஊர்ந்து செல்கிறது. பொருளிற் பட்டுத் திரும்பும் ஒளியைக் கருவி புள்ளி புள்ளியாக அளந்து, எண்களாக்கிக் கணினிக்குக் கொடுக்கிறது. கடதாசியைத்தான் வைக்க வேண்டும் என்று விதியில்லை. கட்டுக்கரைக் குளத்து நீரில் விளைந்த நெற்கதிரையும் வைக்கலாம்.

இக்கருவியின் வரலாற்றிலேயே பெரியவருக்கு ஒரு விடை உண்டு. அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு ரசல் கிர்ஷ் என்பவரும் அவருடைய தோழர்களும் படத்தைக் கணினிக்குள் செலுத்தும் கருவியை ஆக்கினர். அதில் அவர் வைத்தது எதை? மூன்று மாதக் குழந்தையாகிய தம் மகனின் புகைப்படத்தை. நீளத்தில் 176, அகலத்தில் 176 புள்ளிகள் கொண்ட சிறிய படம் அது. அளந்தது இயந்திரம், தேர்ந்தெடுத்தது ஒரு தந்தையின் மனம்.

பின்னர், 1970இல், சிக்காகோ கலைக் கல்லூரியில் சொனியா ஷெரிடன் என்னும் ஆசிரியை, பிரதியெடுக்கும் இயந்திரங்களைக் கொண்டே கலை செய்ய மாணவருக்குக் கற்பித்தார். கலிபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் ஆக்கிய கிம்ப் என்னும் சித்திர மென்பொருள் 1996இல் வெளியாயிற்று. அது இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே, பணமில்லை என்று எந்த மாணவரும் பின்னிற்க வேண்டியதில்லை.

செய்முறை எளிது. கண்ணாடி கீறுப்படாதவாறு மெல்லிய தெளிந்த தாள் ஒன்றை விரியுங்கள். பொருளை அதன்மேல் வைத்து, மூடியைத் திறந்தபடியே விட்டுக் கறுப்புத் துணியால் மூடுங்கள். இலை, ஓலை, துணி, கதிர் ஆகியன தெளிவாக விழும். சங்கு போன்று உயர்ந்த பொருளிற் கண்ணாடியை ஒட்டிய பகுதியே நன்கு தெளியும். படத்தை இருமடங்கு பெரிதாக்க விரும்பினால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குப் பதில் 600 வையுங்கள். பின் மென்பொருளில் வெட்டி, அடுக்கி, வண்ணந்தீட்டுங்கள்.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவின் பாக்குவெட்டியை வைத்தாள். 1990இல் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா மடியிற் கட்டிக்கொண்டு வந்த பொருள் அது. அதன் இரு பிடிகளையும் கால்களாக்கி, வயலில் நிற்கும் ஒரு கொக்கை அவள் தீட்டினாள். படத்தைப் பார்த்த அம்மம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, விட்டுவந்த வீட்டைப் பற்றி முதன்முறையாகச் சொல்லத் தொடங்கினார்.

அன்பர்களே, போரில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு புகைப்படமும் இன்றி வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோர் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரையச் செய்து, அவற்றை 2011இல் நூலாக்கினார். எஞ்சிய பொருள்களுக்கு அத்தகைய பணியை நம் மாணவர் செய்யலாகாதா?

இளைஞர்களே, மென்பொருளின் தூரிகைகள் உலகத்தார் எல்லோருக்கும் ஒன்றே. இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டினால் அது எந்த ஊரின் சித்திரமும் ஆகாது. ஆனால் உங்கள் அம்மம்மாவின் பாக்குவெட்டி வேறெவரிடமும் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 2020இல் நமது நானாட்டானில் நிலம் வெட்டியபோது பழங்காசுகள் வெளிப்பட்டன. அத்தகையவை கிடைத்தால் அவற்றைக் கழுவவோ கண்ணாடியில் வைக்கவோ வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சிறிது. பேரப்பிள்ளை பழைய பெட்டியைத் திறக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். பொருளோடு அதன் கதையையும் கொடுங்கள். பொருள் துருப்பிடிக்கும்; கதை சொல்லும் வாய்களும் குறைந்து வருகின்றன.