அரையாண்டுத் தேர்வுக்கு முன் பெற்றோர் முடிக்கவேண்டிய வேலைகள்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நம் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த 2025-26 கல்வியாண்டு முடிகிறவரை என்னென்ன நடக்கப்போகிறது, அதில் பெற்றோர் செய்யவேண்டியது என்ன என்பதைச் சொல்லும்படி சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார். நான் ஆசிரியன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே பாடத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. தேதி, தாள், பணம் ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். படிப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இந்த மூன்றையும் நாம்தான் பார்க்கவேண்டும்.

முதலில் தேதிகள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அது முடிந்து விடுமுறை கழிந்து ஜனவரியில் பள்ளி திறந்தால், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று வரிசையாக வந்துவிடும். மார்ச்சில் 12ஆம் வகுப்புக்கும் 10ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு. 11ஆம் வகுப்புக்கு இந்த ஆண்டு முதல் பொதுத் தேர்வு கிடையாது. 2017-18இல் கொண்டுவந்ததை இப்போது எடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் பல வீடுகளில் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டதாகக் கேள்வி. நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் 11ஆம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். 12ஆம் வகுப்புக் கணக்கும் இயற்பியலும் 11ஆம் வகுப்புப் பாடத்தின் மேல்தான் நிற்கின்றன. பொதுத் தேர்வுதான் இல்லை, பாடம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்கவேண்டிய செய்தி. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. என்.எம்.எம்.எஸ். என்று பள்ளியில் சொல்வார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ 8ஆம் வகுப்பு படிக்கவேண்டும். தேர்வு வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கும். மனத்திறன் தேர்வு ஒன்று, படிப்புத்திறன் தேர்வு ஒன்று, ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள். விண்ணப்பம் பள்ளி மூலமாகத்தான் போகும். தேர்வானால் 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். ஒருமுறை தேர்வானால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கத் தவறினால் அந்த ஆண்டுப் பணம் நின்றுவிடும்.

10ஆம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடம் பிளஸ் ஒன் போனதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எழுதலாம். 10ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கேள்விகள். தமிழ்நாடு முழுவதும் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தமிழ்ப் புத்தகத்தைப் பொதுத் தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு, பெண் பிள்ளையானால் புதுமைப்பெண் திட்டம், ஆண் பிள்ளையானால் தமிழ்ப்புதல்வன் திட்டம். முதலாவது 2022 செப்டம்பரில் தொடங்கியது, இரண்டாவது 2024 ஆகஸ்டில். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடப் பட்டப்படிப்புக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். பஸ் செலவு, புத்தகம், சாப்பாடு என்று ஒரு பிள்ளைக்கு இது பெரிய கை. இதற்கு 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீதத்துக்கும் இதே 6 முதல் 12 கணக்குத்தான். 7ஆம் வகுப்பிலோ 8ஆம் வகுப்பிலோ ஒரு வருடம் தனியார் பள்ளியில் போட்டுப் பார்க்கலாமே என்று சில வீடுகளில் யோசிப்பதைக் கேட்டிருக்கிறேன். பள்ளியை மாற்றுவது உங்கள் விருப்பம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் இவை எல்லாம் கைவிட்டுப் போகக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். அரசு பணம் அனுப்பிவிட்டது, பிள்ளை கைக்கு வரவில்லை என்றால் நடுவில் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். நம் தெருவில் ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்து சில மாதம் ஆகியும் உதவித்தொகை வரவில்லை என்று அவள் அம்மா என்னிடம் வந்தார். கல்லூரியில் கேட்டால் பணம் போய்விட்டது என்கிறார்கள், பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் வந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் யாரோ முகாம் போட்டுத் தொடங்கிக் கொடுத்த கணக்கு. அந்தப் பெண்ணே அதை மறந்துவிட்டாள். பணம் முழுவதும் அங்கே பத்திரமாக இருந்தது. இதற்கிடையில் அந்த அம்மா கல்லூரிக் கட்டணத்துக்காகத் தோட்டை அடகு வைத்திருந்தார். பணம் கிடைத்தது, வட்டி வட்டிதான்.

இதில் விஷயம் என்னவென்றால், ஆதார் வழியாக வருகிற பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அங்கேதான் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தேனே என்பீர்கள். அது அடையாளத்துக்காக வாங்கியது. அரசுப் பணம் பெறுவதற்காக இணைப்பது வேறு, அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்கவேண்டும். வங்கிக்குப் போனால் "அரசு உதவித்தொகை வருவதற்கு இந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்துக் கொடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இணைந்துவிட்டதா என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வங்கியில் கவனிக்கவேண்டியவை இன்னும் நான்கு உண்டு.

ஒன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் முன்னால் இருக்கும், பள்ளியில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளைதான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மூன்று தாளையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

இரண்டு, 15 வயது. 15 வயதானதும் ஆதாரில் கைரேகையும் கண்விழிப் பதிவும் புதிதாகக் கொடுக்கவேண்டும். 17 வயதுக்குள் கொடுத்தால் கட்டணம் இல்லை. 10ஆம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதுதான் சமயம்.

மூன்று, 18 வயது. சிறார் கணக்கு 18 வயதோடு முடிகிறது. பிள்ளையே நேரில் போய்ப் புதுக் கையெழுத்து, போட்டோ, அடையாளச் சான்று கொடுத்து மாற்றிக்கொள்ளவேண்டும். பலருக்கு இந்த வயது கல்லூரியில் சேருகிற நேரத்தில்தான் வருகிறது. அப்போது கணக்கு முடங்கினால் முதல் தவணையே சிக்கிக்கொள்ளும்.

நான்கு, தூங்குகிற கணக்கு. இரண்டு வருடம் நீங்கள் போடவும் எடுக்கவும் இல்லையென்றால் கணக்கு செயலற்றதாகிவிடும். படிப்புதவிக்காகத் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை அப்படி வைக்கக் கூடாது என்றும், செயலற்ற கணக்கை மறுபடி இயக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுண்ட்டரில் யாராவது கட்டணம் கேட்டால், மரியாதையாக மேலாளரைப் பார்த்து இந்த விதியைச் சொல்லுங்கள். ஆனாலும் வருடத்தில் இரண்டு முறை நூறு ரூபாய் போட்டு எடுத்து, பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போடுவதற்கு எந்த அலுவலகமும் ஓ.டி.பி. கேட்காது.

10ஆம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பொதுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளியில் தயார் செய்வார்கள். அதில் உள்ளபடிதான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். பாஸ்போர்ட் முதல் வேலை வரை பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். தமிழில் ஒற்று விட்டுப்போனதா, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியதா என்று இப்போதே வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இப்போது திருத்தினால் ஒரு நாள் வேலை. அச்சான பிறகு திருத்த வேண்டுமானால் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவேண்டும்.

பிளஸ் டூ பெற்றோர் வாங்கி வைக்கவேண்டியவை: சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு போனால் ஊரே அங்கே நிற்கும். வருமானச் சான்றிதழுக்கு மட்டும் காலக்கெடு உண்டு என்பதால் அதை எப்போது வாங்குவது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவற்றை அரையாண்டு விடுமுறையிலேயே முடித்துவிடலாம்.

கடைசியாகப் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட குழு இது. இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். தலைவரும் பெற்றோர்தான். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்தப் பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்பதையெல்லாம் பேசித் தீர்மானம் போடக்கூடிய இடம் அது. உறுப்பினராக இருக்கும் நம் தெருத் தாய்மார்கள் கூட்டத்துக்கு முன் அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு போனால், நம் எல்லோருடைய குரலும் அங்கே போய்ச் சேரும். உறுப்பினர் இல்லாதவர்கள், அடுத்த கூட்டம் எப்போது என்பதை அவர்களிடமோ பள்ளியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளை படிப்பை நிறுத்தப்போகிறேன் என்றாலோ, தேர்வு பயத்தில் சோர்ந்திருந்தாலோ 14417 என்ற கல்வி உதவி எண்ணைக் கூப்பிடலாம். பொதுத் தேர்வில் ஒரு பாடம் போய்விட்டாலும் துணைத் தேர்வு எழுதி அதே வருடம் கல்லூரி சேர வழி இருக்கிறது. இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையின் காதில் போட்டு வையுங்கள். ரிசல்ட் அன்று சொன்னால் காதில் ஏறாது.

வருகிற நான்கு சனிக்கிழமைகளும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். பிள்ளையின் பாஸ்புக், ஆதார், பள்ளி அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். வங்கிப் படிவத்தை அவர்களே நிரப்பட்டும், நாம் பக்கத்தில் இருந்து பார்ப்போம். சங்கத்தில் இல்லாதவர்களும் வரலாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளையும் இதே பள்ளியில்தான் படிக்கும், அவர்களுக்கும் சொல்லுங்கள்.